பந்தயத் தடமும் மோட்டார்ச் சில்லும்

மோட்டார் வண்டியின் விரைவு முழுவதும் அதன் பொறியிலேயே அடங்கியுள்ளதென்பது பலர் துணிபு. எத்துணை வலிய பொறியாயினும், அதன் ஆற்றல் நிலத்தைச் சேர்வது நான்கு ரயர்களும் நிலத்தைத் தொடும் நான்கு சிறு இடங்களின் வாயிலாகவேயாம். அவ்விடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவினது. ஓடுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய மூன்றும் அச்சிறு பிடியினாலேயே நிகழ்வன. ஆதலின், கடல் கடந்த நாடுகளிலோ இங்கோ பந்தயத் தடத்தில் வண்டி செலுத்த விழையும் பழைய மாணவ அன்பர்கள் முதற்கண் ஆராயத்தக்கவை இரண்டு. ஒன்று ரயரின் தெரிவு. மற்றொன்று, கராஜ்களில் வீல் எலைன்மென்ற் என வழங்கும் சில்லுச் சீரமைப்பு.

இவ்வுண்மையை உலகறியச் செய்த நிகழ்ச்சியொன்று உண்டு. 2005ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் தடத்தில் போர்முலா வன் போட்டி நடைபெற்றது. அத்தடத்தின் 13ஆம் திருப்பம் சாய்தளமாக அமைந்தது. பெருவிரைவில் அதனைக் கடக்கும்போது இடப்பக்க ரயர்கள்மீது மிகுந்த பாரம் விழும். பயிற்சியின்போது அவ்விடத்தில் ரால்ஃப் சூமாக்கரின் ரயர் பழுதுற, வண்டி மதிலில் மோதிற்று. தன் ரயர்கள் போட்டி முழுவதையும் அவ்விரைவில் தாங்குமென உறுதி கூற மிச்லின் நிறுவனத்தால் இயலவில்லை. அந்நிறுவனத்தின் ரயர் பூண்ட 14 வண்டிகளும் அணிவகுப்புச் சுற்றோடு விலகின. அவ்வாண்டு உலக வாகை சூடிய பெர்னாண்டோ அலொன்சோவின் வண்டியும் அவற்றுள் ஒன்று. பிரிட்ஜ்ஸ்டோன் ரயர் பூண்ட ஆறு வண்டிகளே ஓடின. அவற்றுள் ஒன்றைச் செலுத்திய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காம் இடம் எய்தி ஐந்து புள்ளிகள் பெற்றார். இந்தியர் ஒருவர் போர்முலா வன் போட்டியிற் புள்ளி பெற்றது அதுவே முதன்முறை. அன்று வலிய பொறிகள் வாளாவிருந்தன; நிலத்துக்கேற்ற ரயர்களே ஓடின.

இனி, ரயரைத் தெரியுமாறு கூறுவாம். மென்மையான இறப்பர் நன்கு பற்றும். ஆயின் விரைவில் தேயும். வன்மையான இறப்பர் நெடுநாள் உழைக்கும். ஆயின் பிடி குறையும். தடத்துக்கென அமைந்த ரயர் சூடேறிய பின்னரே தன் முழுப் பிடியையும் தரும். ஆதலின் முதற் சுற்றிலேயே அதனை நம்பி விரைதல் தகாது. ரயரிலுள்ள வரிகள் மழைநீரை வெளியேற்றுதற்பொருட்டு அமைந்தவை. வரியற்ற ரயர் உலர்ந்த தடத்திற் சிறந்ததாயினும் ஈரத்தில் வழுக்கும். பழைய ரயரை மலிவென்று வாங்குவோர் அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களை நோக்குக. 2318 என்பது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பதைக் குறிக்கும். வரி தேயாதிருப்பினும், முதிர்ந்த இறப்பர் இறுகிப் பிடியிழக்கும்.

காற்றமுக்கமும் கருதற்பாலது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர, அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் உயரும். ஆகவே சில சுற்றுக்கள் ஓடியபின் மீண்டும் அளத்தல் வேண்டும். ரயரின் நடுப்பகுதி ஓரங்களினும் மிகச் சூடாயின் காற்று மிகுதி. ஈரோரங்களும் மிகச் சூடாயின் காற்றுக் குறைவு.

சில்லுச் சீரமைப்பில் மூன்று கோணங்கள் உள. முதலாவது கேம்பர், சில்லின் மேற்பகுதி உள்ளோ வெளியோ சாய்ந்திருத்தல். வளைவில் வண்டியுடல் வெளிப்புறம் சரிய, ரயர் தன் வெளியோரத்தில் ஊன்றும். முன்னரே சில்லைச் சிறிது உட்சாய்த்து வைப்பின், அந்நிலையில் அது நிலத்திற் சமமாகப் படியும். இரண்டாவது ரோ, நடப்பவன் பாதங்கள்போல் முன்சில்லுகளின் முனைகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருத்தல். சற்றே வெளிநோக்கின் வண்டி விரைந்து திரும்பும். ஆயின் நேர்வழியில் அமைதி குறையும். மூன்றாவது காஸ்ரர், சில்லுத் திரும்பும் அச்சு, சைக்கிளின் முன்கவைபோற் பின்சாய்ந்திருத்தல். திருப்பிய சில்லு தானே நேர்நிலைக்கு மீள்வதற்கு இஃது உதவும்.

வண்டியைத் தாழ்த்தும் விற்சுருள்களைப் பூட்டின் இக்கோணங்கள் மாறும். அதன்பின் மீண்டும் சீரமைத்தல் இன்றியமையாதது. கைப்பொருள் சிறிதாயின், முதலில் நல்ல ரயரும் செவ்விய சீரமைப்பும், பின்னரே விற்சுருளும் பிறவும் என்பதே தக்க முறை.

தடத்துக்கு நன்றாயது தெருவுக்கு நன்றாகாது. பெரிதும் உட்சாய்ந்த சில்லு நாள்தோறும் தெருவில் ஓடின், ரயரின் உள்ளோரம் கண்ணுக்குத் தெரியாமலே தேய்ந்து கம்பி வெளிப்படும். கட்டுக்குருந்தையின் தார்த் தடத்துக்கு ஏற்ற ரயர், தியத்தலாவை பொக்ஸ்ஹில்லின் மண் தடத்துக்கு ஏலாது. தேரையும் நாவாயையும் காட்டி வள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் உணர்த்திய நெறி மோட்டாருக்கும் பொருந்துவதே.

மாணவ நண்பர்க்கு ஒரு சொல். விரைவு இருமடங்காயின், வண்டியை நிறுத்தற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்மடங்காகும். தடத்திற் பிடி தவறினால் அதற்கென விடுத்த வெற்றிடம் உண்டு, காவலர் உளர். பலாலி வீதியிலோ பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிளிற் செல்லும் முதியோருமே உளர். எத்துணைச் சிறந்த ரயரும் அவ்வேற்றுமையை மாற்றமாட்டாது. விரைவை அதற்குரிய இடத்திற் பயில்க. தெருவில் உள்ளங்கையளவான அந்நான்கு பிடிகளையும் பிறர் உயிர்க்குக் காவலாகக் கருதுக.