கருவும் கவலையும்

புளியந்தீவிலாயினும், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலாயினும், ஒரு வீட்டிலே தங்கிய கரு இரண்டாம் மூன்றாம் மாதத்திற் கலைந்துவிட்டால் முதலிற் கிளம்பும் கேள்வி, "என்ன பாரம் தூக்கினாய்? எதை நினைத்து ஏங்கினாய்?" என்பதே. துக்கத்தோடு பழியும் அப்பெண்ணின் தலைமேல் விழுகின்றது. இது நியாயந்தானா? விஞ்ஞானம் கூறுவதைப் பார்ப்போம்.

கருவின் உடலமைப்பிற் பாதி தந்தைவழி வந்தது. அந்நியப் பொருளை எதிர்த்து விரட்டுவதோ நம் உடலின் காவற்படையாகிய நிர்ப்பீடனத்தின் தொழில். அங்ஙனமாயின் தாயுடல் கருவை ஏன் விரட்டுவதில்லை? 1953ஆம் ஆண்டில் இக்கேள்வியை எழுப்பினார், பின்னர் 1960இல் நோபல் பரிசு பெற்ற பீற்றர் மெடவார் என்னும் பிரித்தானிய விஞ்ஞானி. விடையின் ஒரு பகுதி 'சைற்றோகைன்' எனப்படும் நுண்ணிய புரதங்களில் இருக்கின்றது. இவை காவற் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுகள். "போர் தொடு" என்னும் தூதுகளும் உண்டு. "பொறுத்திரு" என்னும் தூதுகளும் உண்டு. கரு பதியும் வேளையில் முன்னவையும் அளவாக வேண்டும். அதன்பின் பொறுமையே ஓங்க வேண்டும். அதற்குத் துணைநிற்பது புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன்.

அச்சமும் பெருங்கவலையும் கோட்டிசோல் முதலிய ஓமோன்களை மிகுவிக்கின்றன. கருவுற்ற எலிகளை இரைச்சலுக்கு உள்ளாக்கிய ஆய்வாளர், சில இனங்களில் புரொஜெஸ்தரோன் குறைந்து, போர்த் தூதுகள் பெருகி, கருக்கள் அதிகமாகச் சிதையக் கண்டனர். அந்த ஓமோனை ஒத்த மருந்தைக் கொடுத்தபோது சிதைவு குறைந்தது.

ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. பெண்களிடையே நடந்த ஆய்வுகள், கடும் நெருக்கீட்டுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு காட்டுகின்றனவேயன்றி, அதுவே காரணமென நிறுவவில்லை. உறுதியான கருக்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைகின்றன. ஆரம்பச் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் நிறமூர்த்தங்களிற் பெரும்பாலும் தற்செயலாக நேரும் பிழையே.

ஆகவே, பழைய பழிக்குப் புதிய விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்தலாகாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2009 வரை நீண்ட போரையும் தாங்கிய மண் இது. இங்குள்ள பெண்கள் கவலையைத் தாமாகத் தேடிக்கொண்டவர்களல்லர்.

மணமான பின்னும் பெண் தாய்வீட்டில் வாழும் வழக்கம் மட்டக்களப்பிலே நெடுங்காலமாக உண்டு. அருகிருக்கும் அன்னையும் தமக்கையும் கணவனும் சொல்லும் ஆறுதல், நெருக்கீட்டைத் தணிக்கும். கருவுற்ற காலத்தில் உதிரப்போக்கோ வயிற்றுநோவோ கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கரு மீண்டும் மீண்டும் கலையுமாயின் தம்பதியர் இருவருமே வைத்தியரைக் காண்பது நலம். நிர்ப்பீடனக் கோளாறினால் இரத்தம் எளிதில் உறையும் நிலை போன்ற சில காரணங்களுக்கு இன்று சிகிச்சை உண்டு.

கரு கலைந்த வீட்டிலே நாம் கேட்கவேண்டியது "என்ன செய்தாய்?" என்பதன்று, "உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்பதே.