மைக்: ஓர் எழுத்துக்கூட்டலும் கொஞ்சம் அதிகாரமும்

ஒரு கலைநிகழ்ச்சிக்காக ஆங்கிலத்தில் துண்டறிக்கை தயாரித்தபோது நண்பர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. 'ஓப்பன் மைக்' என்பதில் வரும் மைக்கை எம்-ஐ-சி என்று எழுதியிருந்தேன். 'தப்பு, எம்-ஐ-கே-இதான் சரி' என்று அடித்துத் திருத்தினார் ஒருவர். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. மைக் என்றால் மைக்தான். ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்கள். இரண்டுக்கும் தனித்தனி வரலாறு.

கே-இ வடிவம்தான் மூத்தது. 1920களில், வானொலி பரவிய நாட்களில், அச்சில் புழங்கியது. காதால் எழுதப்பட்ட சொல் அது. பைசிக்கிள் சுருங்கி பைக் ஆனபோது கே-இ போட்டுக்கொண்டதே, அதே வழி. சி-யில் முடிவது கண்ணால் எழுதப்பட்டது. மைக்ரோஃபோனின் முதல் மூன்று எழுத்துகளை அப்படியே வெட்டியெடுத்தது. ஒலிக்கருவிகளில் வயர் செருகும் இடத்தில் அச்சிட்டிருப்பது இந்த மூன்றெழுத்துதான். ஆங்கில ஒழுங்குப்படி இதை 'மிக்' என்றுதான் வாசிக்க வேண்டும். ஆக, இலக்கணம் பேசுகிறவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்வது யார்? 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், கறுப்பின, லத்தீன் இளைஞர்களின் கொண்டாட்டங்களில் ஹிப்ஹாப் பிறந்தது. அங்கே மைக்கைப் பிடிப்பது பேசும் உரிமையைக் கைப்பற்றுவது. அந்தப் பண்பாடு தன்னைப் பற்றி எழுதிக்கொண்டபோது எம்-ஐ-சி என்றே எழுதியது. 'தி சோர்ஸ்' இதழ் இசைத்தொகுப்புகளுக்கு நட்சத்திரங்களுக்குப் பதிலாக மைக்குகளை மதிப்பெண்ணாகக் கொடுத்தது. 1994இல் நாஸின் 'இல்மேட்டிக்' ஐந்து மைக் வாங்கியது. மேடையில் நின்றவர்களும் ஒலிக்கருவிகளோடு மல்லுக்கட்டியவர்களும் எழுதிய வடிவம் அகராதிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, நாம் எப்படி எழுதுவது? பெயர்ச்சொல்லுக்கு எம்-ஐ-சி. இசை பற்றிய எழுத்தில் இன்று அதுவே வழக்கு. பன்மைக்கு எஸ் சேர்த்தால் போதும். 'ஓப்பன் மைக்' இரண்டு சொற்கள். 'ஓப்பன் மைக் நைட்' என்று இன்னொரு பெயருக்கு அடையாக வரும்போது ஓப்பனுக்கும் மைக்குக்கும் நடுவே சிறுகோடு.

சிக்கல் வினைச்சொல்லில்தான். டிரம்முக்கு மைக் வைத்தார்கள் என்று சொல்ல, சி-யோடு இ-டி சேர்த்தால் 'மைஸ்ட்' என்று படிக்க நேரும். எலிகள்தான் ஞாபகத்துக்கு வரும். பிக்னிக்குக்குச் செய்வதுபோல நடுவில் ஒரு கே நுழைத்தால் 'மிக்ட்' ஆகிவிடும். ஆகவே சி-க்குப் பிறகு அப்பாஸ்ட்ரஃபி போட்டு டி எழுதலாம். இல்லையென்றால் பழைய வடிவத்துக்கே திரும்பி எம்-ஐ-கே-இ-டி என்று எழுதலாம். பெயருக்குப் புதியதும் வினைக்குப் பழையதும் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. பெயரையே ஓரிடத்தில் சி-யிலும் இன்னோரிடத்தில் கே-இயிலும் எழுதுவதுதான் வாசிப்பவரைக் குழப்பும்.

நண்பர் சொன்ன வடிவமும் சரிதான். அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. அவர் போட்ட சிவப்புக்கோட்டோடுதான் எனக்குச் சண்டை. ஒரு சொல்லைத் தப்பென்று அடிப்பதற்கு முன்னால், அதை அப்படி எழுதிப் புழங்கியவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.