காவல் நாய் கடிநாய் ஆகலாமா?

"கட்டிப் போட்டாத்தான் நாய்க்கு ரோஷம் வரும்" என்று லயத்தில் பலர் சொல்வதுண்டு. அது தவறு. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் பயத்தாலும் எரிச்சலாலும் கடிக்கிறது. அதிகம் கடிபடுவது பிள்ளைகள்தான்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை குட்டி பழகும் பருவம். அப்போதே அண்டை வீட்டார், பிள்ளைகள், மோட்டார் சைக்கிள் சத்தம் எல்லாவற்றுக்கும் பழக்குங்கள். சொன்னபடி உட்கார்ந்தால் ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். உறுமினால் அடிக்காதீர்கள், உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கினால் சத்தமில்லாமல் கடிக்கும். தின்னும்போதும் குட்டி போட்டிருக்கும்போதும் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

கடித்துவிட்டால் காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பக்கத்து வீட்டு நாய்தானே, சண்டை எதற்கு என்று மறைக்காதீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியது. நோய்க்குறி தெரிந்தபின் பிழைப்பது மிக அரிது. கடிபட்ட உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

நாய் வளர்ப்பவர் அதற்குத் தடுப்பூசி போட்டு, லைசென்ஸும் எடுத்து வையுங்கள். சோறு போடுவது மட்டும் வளர்ப்பு ஆகாது.