குறைமாதக் குழந்தைக்கு அம்மாவின் மார்புச்சூடு ஏன்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது. தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. அதனால் உடல்சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். சூட்டைக் காக்கவே சக்தியெல்லாம் செலவானால் எடை எப்படி ஏறும்?

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு வழி கண்டார். குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்ந்தவாறு சாய்த்து, துணியால் அணைத்துக் கட்டுவதே அது. இதைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். தாயின் சூடு நேரே குழந்தைக்குச் சேர்கிறது, மூச்சும் இதயத்துடிப்பும் சீராகின்றன, பால் நன்கு சுரக்கிறது, நோய்த்தொற்று குறைகிறது.

நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி அணைத்திருக்க உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அப்பாவும் அணைக்கலாம். இத்தனை நேரம் அணைத்திருக்க வேண்டும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில், குழந்தைக்குப் பக்கத்திலேயே தாய்க்கும் ஒரு கட்டில் போட்டாக வேண்டும்.