வீட்டில் வைத்திருப்பதும் ஒரு முடிவுதான்

கொரோனாவால் மூடிக் கிடந்த தமிழ்நாட்டுப் பள்ளிகள் 2021 ஜனவரியில் பெற்றோரிடம் ஒரு கடிதம் கேட்டன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 19-ஆம் தேதி திறக்கின்றன, பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் 2020 நவம்பர் 9-ஆம் தேதியும் பள்ளிதோறும் கருத்துக் கேட்டார்கள். அப்போது பெற்றோர் இரண்டாகப் பிரிந்து நின்றதால், நவம்பர் 16-இல் திறக்கும் யோசனை கைவிடப்பட்டது. ஜனவரியில் பெரும்பாலோர் தலையசைத்தார்கள். வகுப்புக்கு 25 பேர், முகக்கவசம், சத்து மாத்திரை என்று ஏற்பாடுகள் அறிவிக்கப்பட்டன. இரண்டு முறையும் வீடுகளில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: அனுப்பினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா? பெற்றவர்களுக்கு அந்தப் பயம் வராமல் இருக்காது. ஆனால் அது பாதிக் கேள்வி. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் மீதிப் பாதி. வீட்டில் வைத்திருப்பதை முடிவு எடுக்காமல் தள்ளிப்போடுவதாகவே நாம் நினைத்துக்கொண்டோம். அதுவும் ஒரு முடிவு, அதற்கும் விலை உண்டு. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், சின்னப் பிள்ளைகளைக் கடைசியாகப் பள்ளிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

சென்னையின் மேற்குப் புறநகர் இதை யோசிக்க ஏற்ற இடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவருக்கும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கும், பூந்தமல்லி கடைத்தெருவில் துணி விற்பவருக்கும் வீட்டிலிருந்து வேலை என்பது கிடையாது. ஊரடங்கு தளர்ந்ததும் வேலைக்குப் போனார்கள், ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பினார்கள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் என்றால் அது அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். ஆன்லைன் வகுப்பு நடக்கும் நேரத்தில் பிள்ளையின் கையில் இருக்காது. இதே பகுதியில் முகப்பேரிலும் நொளம்பூரிலும் தனியறை, மடிக்கணினி, வைஃபை உள்ள பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே அறிவிப்பு, ஒரே கடிதம். ஆனால் வீட்டுக்கு வீடு கணக்கு வேறு. முடிவெடுக்கக் கையில் இருந்த தகவலோ இன்னும் கோணல். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம் என்பதால் அங்கே மண்டல வாரியாகத் தொற்று எண்ணிக்கை கிடைத்தது. ஆவடிக்காரரும் பூந்தமல்லிக்காரரும் தினசரி அறிக்கையில் பார்த்தது திருவள்ளூர் மாவட்டத்தின் மொத்த எண்ணிக்கையை. அதில் கும்மிடிப்பூண்டியும் அடக்கம், திருத்தணியும் அடக்கம். தன் தெருவில் நோய் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

முதலில் அனுப்பினால் வரும் ஆபத்தைப் பார்ப்போம். இதற்கு வெளிநாட்டு ஆய்வைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்றுள்ளவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரைச் சோதித்த விவரங்களை ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு அலசி, 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. தொற்று உறுதியானவர்களில் இறந்தவர்களின் விகிதம் 5 முதல் 17 வயதுக்குள் 0.05 சதவீதம், 85 வயதைத் தாண்டியவர்களிடம் 16.6 சதவீதம். குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு என்பது இங்கேயே, நம் ஊர் ஆட்களை வைத்தே தெரிந்துவிட்டது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நோயைப் பரப்புகிறார்கள். ஆக, 'குழந்தைகளுக்கு வராது, அவர்கள் பரப்பவும் மாட்டார்கள்' என்ற ஆறுதல் பேச்சும் பொய், 'பள்ளிக்குப் போனால் பிள்ளை உயிருக்கே ஆபத்து' என்ற பீதியும் பொய். உண்மையான கவலை பிள்ளையைப் பற்றியது அல்ல, பிள்ளை திரும்பி வரும் வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாவைப் பற்றியது.

அப்படியானால் வீட்டில் வைத்திருந்தால் தொற்று வராமல் இருந்ததா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேரிடமும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதம் பேரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அந்த வயதினருக்குத் தடுப்பூசி அப்போது கிடையாது. தொற்று வந்து போனதற்கான அடையாளம் அது. நாட்டின் பெரும்பகுதியில் தொடக்கப் பள்ளிகள் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த காலம் அது. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு அப்பாவின் தொழிற்சாலையிலிருந்தும், கல்யாண வீட்டிலிருந்தும், கடைத்தெருவிலிருந்தும் தொற்று வந்து சேர்ந்தது. 2021 ஜூலையில் அக்கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று சொன்னதற்கு, சிறு குழந்தைகள் இந்த வைரஸைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள் என்பதே காரணம். சுவீடன் 2020-இன் முதல் அலையிலேயே தொடக்கப் பள்ளிகளை மூடவில்லை. அங்கே சுமார் 19.5 லட்சம் குழந்தைகளில், மார்ச் முதல் ஜூன் வரை, கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 15 பேர். இறந்தவர் ஒருவரும் இல்லை. சுவீடனின் வகுப்பறையும் வீடும் நம்முடையவை போன்றவை அல்ல என்பது சரிதான். ஆனால் குழந்தையின் உடல் இந்த நோயை எப்படி எதிர்கொள்கிறது என்பதில் இரண்டு இடத்துச் சான்றும் ஒன்றையே சொல்கின்றன.

இனி அனுப்பாததன் விலை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச் மத்தியில் மூடப்பட்டு, 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. மழலையர் வகுப்புகளுக்கு 2022 பிப்ரவரி 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான்கு வயதில் எல்கேஜி சேர வேண்டிய குழந்தை வகுப்பறையையே பார்க்காமல் ஆறு வயதுக்கு வந்துவிட்டது. கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சி. ஆனால் எழுத்தைத் திருப்பி எழுதும் குழந்தையின் கையைப் பிடித்துத் திருத்தத் தொலைக்காட்சிக்குக் கை இல்லை. அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து, 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் மொழி, கணக்கு இரண்டிலும் பின்தங்கல் இருந்தது. மொழிப் பாடத்தில் கண்டதைப் போல இருமடங்கு கணக்கில். வீட்டில் பேச்சாவது காதில் விழுகிறது, கழித்தல் கணக்கை யார் சொல்லித் தருவது? கல்வி போகட்டும், சாப்பாட்டைப் பாருங்கள். சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பள்ளியில் தட்டில் விழும் சோறும் முட்டையும் அந்தப் பிள்ளைக்கே உரியவை; வீட்டுக்கு வரும் அரிசி எல்லோருக்கும் பங்கு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும்: ஜனவரியில் திறந்தார்கள், மே மாதம் என்ன நடந்தது? உண்மைதான். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. ஆனால் அந்த அலைக்கு முன் திறந்திருந்தவை உயர் வகுப்புகள் மட்டுமே. ஒன்பது முதல் பதினொன்று வரையிலான வகுப்புகளை மார்ச் 22-லேயே மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் அலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. டெல்டா வகையும், தேர்தல் கூட்டங்களும், தடுப்பூசி போடாத பெரும்பான்மையும் அப்போதைய சூழல். நேர்மாறான சான்றும் உண்டு. 2021 நவம்பரில் ஒன்றாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளும் திறந்தன. நாளொன்றுக்கு ஆயிரத்தை ஒட்டி இருந்த எண்ணிக்கை அந்த மாதம் முழுவதும் ஏறவில்லை. மாதக் கடைசியில் எண்ணூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. பள்ளி திறந்ததால் குறைந்தது என்று யாரும் சொல்லப் போவதில்லை. முன்பே வந்துபோன தொற்றும் தடுப்பூசியும் காத்தன. பள்ளி திறந்தாலே அலை வந்துவிடும் என்பது உண்மையில்லை என்று காட்ட அந்த மாதம் போதும்.

'போன பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், போன உயிர் வருமா' என்பது அடுத்த மறுப்பு. கேட்டவுடன் வாயடைக்க வைக்கும் வாதம் இது. ஆனால் படிப்பா உயிரா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் பெரும்பாலான வீடுகள் இருக்கவில்லை. வீட்டில் இருந்தும் தொற்று வந்தது என்பதை மேலே பார்த்தோம். படிப்பு மீண்டதா என்றால், பின்தங்கலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் சரியானது என்று அதே தமிழ்நாட்டு ஆய்வு சொல்கிறது. அது தானாகச் சரியாகவில்லை. பள்ளி திறந்ததால் சரியானது. 2021 அக்டோபர் 27-இல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்களால் சரியானது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு அவர்களுடையது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டையும் தள்ளிப்போட்டிருந்தால் மீட்சியும் தள்ளிப்போயிருக்கும். மீளாத மூன்றில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைகளின் தலையில்தான் விழுந்தது.

மூன்றாவது மறுப்பை முழுமையாக ஏற்கத்தான் வேண்டும். அடுத்த நோய் கொரோனாவைப் போல இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? போலியோ குழந்தைகளைத்தான் முடக்கியது. 1918-இன் இன்ஃபுளுயன்சா இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது. கொரோனாவிலேயேகூட, அரிதாக என்றாலும், தொற்று விலகிச் சில வாரம் கழித்துக் குழந்தைகளுக்குப் பல உறுப்புகளில் அழற்சி வந்தது. புது நோயின் முதல் சில வாரங்களில், அது யாரைத் தாக்குகிறது என்று தெரியாதபோது, பள்ளியை மூடுவது சரி. 2020 மார்ச்சில் மூடியதைக் குறை சொல்ல முடியாது. விவரம் தெரிந்த பிறகும் அதே பழைய பயத்தில் நீடித்ததுதான் தவறு. ஆகவே அடுத்த முறைக்கு எடுத்துவைக்க வேண்டியது விடையை அல்ல, கேள்விகளின் வரிசையை. இந்த நோய் என் பிள்ளையின் வயதில் எவ்வளவு கடுமை? பிள்ளைக்கு வேறு நோய் உண்டா? வீட்டில் முதியவர் இருக்கிறாரா, அவருக்குத் தடுப்பூசி ஆயிற்றா, ஒதுங்க இடம் இருக்கிறதா? இப்போது எங்கள் பகுதியில் தொற்று ஏறுகிறதா, இறங்குகிறதா? வீட்டிலேயே இருந்தால் பிள்ளை உண்மையில் என்ன படிக்கும், யார் சொல்லித் தருவார்? ஒரே வீட்டுக்கு 2021 ஜனவரியில் ஒரு விடையும் நவம்பரில் வேறு விடையும் வரலாம். ஜனவரியில் பாட்டிக்கு ஊசி இல்லை, நவம்பரில் இருந்தது. திருமுல்லைவாயில் லைன் வீட்டில் ஆஸ்துமாக்காரத் தாத்தாவோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளையைச் சில வாரம் நிறுத்தி வைத்தவர்களைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே தெருவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை முதல் நாளே அனுப்பியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லவும் உரிமை இல்லை.

பெற்றோர் தலையில் ஏற்றக் கூடாத சுமையும் ஒன்று உண்டு. சம்மதக் கடிதம் வாங்கிவிட்டால் அரசின் பொறுப்பும் பள்ளியின் பொறுப்பும் முடிந்துவிடாது. கையெழுத்துக் கேட்பவர்கள், அந்தக் கையெழுத்துக்கு வேண்டிய விவரத்தைக் கொடுக்க வேண்டும்: மாவட்ட எண்ணிக்கை போதாது, வார்டு வாரியான எண்ணிக்கை வேண்டும். ஜன்னல் திறக்கும் வகுப்பறை வேண்டும். ஆசிரியர்களுக்கும் வேன் ஓட்டுநர்களுக்கும் முதலில் தடுப்பூசி வேண்டும். அனுப்பாத பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு நாளாவது ஆசிரியர் முகம் தெரிய வேண்டும். இவற்றைக் கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை. நோய் இல்லாத இந்த நாட்களிலேயே கூட்டத்துக்குப் போய், அடுத்த முறை பள்ளி மூடினால் முதலில் யாரை, எப்போது, எந்த ஏற்பாட்டோடு கூப்பிடுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர் அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்தால், ஒப்புக்கொள்ளாதீர்கள்.