கணினியின் கரு

புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ளது. இத்தகைய பெரிய மருத்துவமனையில் மருத்துவர் சிலர், நோயாளர் பலர். வரிசை எண் வழங்குதல், படுக்கை ஒதுக்குதல், குறிப்பேடுகளைப் பேணுதல், ஆய்வுக்கூடத்தோடு தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றை நிருவாகம் கவனிக்கிறது. கணினியில் இவற்றையொத்த பணிகளைச் செய்வது இயக்க அமைப்பு ஆகும்.

கருவின் பணிகள்

இயக்க அமைப்பின் மையப் பகுதி 'கெர்னல்' எனப்படும் கருவாகும். அதன் அடிப்படைப் பணிகள் நான்கு. மையச் செயலகத்தின் நேரத்தை நிரல்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்தளிப்பது செயல் மேலாண்மை. ஒரு நிரல் மற்றொன்றின் இடத்தில் நுழையாதவாறு இடம் ஒதுக்குவது நினைவக மேலாண்மை. தரவுகளைப் பெயரிட்டு வட்டில் சேமித்து, வேண்டும்போது எடுத்துத் தருவது கோப்பு மேலாண்மை. விசைப்பலகை, திரை முதலிய கருவிகளை இயக்கிகள் வாயிலாகக் கையாள்வது கருவி மேலாண்மை.

கரு மட்டும் போதுமா?

போதாது. மின்விசையை அழுத்தியதும் கருவை நினைவகத்தில் ஏற்ற ஒரு தொடக்க ஏற்றி வேண்டும். ஏற்றப்பட்ட கரு, முதல் செயலைத் தொடங்கிவைக்கும். பயனரின் கட்டளையைப் பெற்றுக் கருவிடம் சேர்க்க 'ஷெல்' எனப்படும் ஓடு தேவை. வண்ணச் சாளரங்களும் படவுருக்களும் இவற்றின்மேல் பின்னர் அமைப்பவையே.

இதற்கு லினக்ஸ் சான்றாகும். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் அதன் முதல் கருவை வெளியிட்டார். ஏறத்தாழ 10,000 வரிகளே கொண்ட அதில் சாளரங்கள் இல்லை. விசைப்பலகை இயக்கியும் பின்லாந்து நாட்டு விசைப்பலகைக்கு ஏற்பவே எழுதப்பட்டிருந்தது. ஓட்டை அவர் புதிதாக எழுதவில்லை. குனூ திட்டத்தின் 'பாஷ்' என்னும் ஓட்டையே அக்கருவின்மீது இயக்கினார்.

தமிழுக்கு வந்த பயன்

1992இல் லினக்ஸ் கருவை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் பொது உரிமம் வழிவகுத்தது. அதனை அடித்தளமாகக் கொண்ட டெபியன் தொகுப்பிலிருந்து, நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் 'பாஸ்' என்னும் இயக்க அமைப்பை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதனைப் பயன்படுத்தலாம். இதற்காகக் கருவைத் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டிய தேவை எழவில்லை. மேலடுக்கில் மொழியைச் சேர்த்தாலே போதுமானதாயிற்று.

தன் நாட்டு விசைப்பலகைக்காக ஒரு மாணவர் எழுதிய கரு, இன்று தமிழையும் தாங்கி நிற்கிறது. கருவைக் கற்கவும் மாற்றவும் உரிமை உள்ள இடத்தில், தம் மொழி கணினியில் இடம்பெறுவதற்கு மக்கள் பிறர் இசைவை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை.