பழைய புல்லட்டுக்குப் புது ஷாக் அப்சார்பர்: எதைப் பார்த்து வாங்குவது?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோ மீட்டர். வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள்!

கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இந்தப் பாதையில் பழைய ‘புல்லட்’ மோட்டார் சைக்கிளில் ஜோடியாகப் போகிறவர்கள் உண்டு. கணவர் ஓட்டுவார். மனைவி பின்னால் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு பை தொங்கும். எஞ்சின் நன்றாக இருக்கும். ஆனால், வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் படகு போல ஆடும். குழியில் இறங்கினால் ‘டங்’ என்று அடிக்கும்.

“வண்டிக்கு வயசாகி விட்டது” என்று பலர் இதைச் சும்மா விட்டு விடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. பின் ஷாக் அப்சார்பர்கள் ஓய்ந்து விட்டால் இப்படித்தான் ஆகும். மேட்டில் ஏறிய சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. தரையில் படாத டயருக்குப் பிடிப்பு ஏது? அந்த நேரத்தில் பிரேக் போட்டும் பயன் இல்லை. மலைப் பாதையில் இது உயிருக்கே ஆபத்து.

புல்லட்டின் பெருமை

ஒரு காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின் சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பொருத்தப்பட்டிருந்தது. ஆசனத்துக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்தான் ஓட்டுகிறவரைக் காப்பாற்றியது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனி, புல்லட்டில் இதை மாற்றியது. பின் சக்கரம் மேலும் கீழும் அசையும்படி ஒரு கவையில் மாட்டப்பட்டது. இருபுறமும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள் வைக்கப்பட்டன. 1948-ல் இத்தாலியில் நடந்த 6 நாள் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்ற இங்கிலாந்து அணியில் 2 புல்லட்டுகள் இருந்தன!

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து ‘என்ஃபீல்ட் இந்தியா’வைத் தொடங்கின. அதன் பின்னர், சென்னையை அடுத்த திருவொற்றியூர் ஆலையில் இருந்து புல்லட்டுகள் நாடெங்கும் போயின. புல்லட்டுக்குப் பெருமை தேடித் தந்தவற்றில் பின் ஷாக்கும் ஒன்று. அதைக் கவனிக்காமல் எஞ்சினை மட்டும் துடைத்து வைத்து என்ன பயன்?

இரண்டு வேலை

ஷாக் அப்சார்பரில் 2 வேலைகள் நடக்கின்றன. பாரத்தைத் தாங்குவது வெளியே தெரியும் ஸ்பிரிங். ஸ்பிரிங் மட்டும் இருந்தால், வண்டி ஒருமுறை குதித்ததும் நிற்காமல் ஆடிக் கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய்.

தண்டு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருக்கிக் கொண்டு போக வேண்டும். அதனால் வேகம் குறைகிறது. குதிக்கும் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்து விட்டால், மிச்சம் இருப்பது வெறும் ஸ்பிரிங்தான்.

பணம் செலவழிக்கும் முன்...

வண்டியின் பின்பக்கத்தைக் கையால் நன்றாக அழுத்தி விடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்று விட்டால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் ஓய்ந்து விட்டது. தண்டில் எண்ணெய்ப் பசையோடு தூசி படிந்திருந்தாலும் அதே கதைதான்.

ஆனால், எல்லாப் பழியையும் ஷாக்கின் மேல் போடக் கூடாது. மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ‘கடகட’ என்று ஆடினால், கவையின் புஷ் அல்லது சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கலாம். டயரில் காற்று குறைந்தாலும் வண்டி அலையும். இவற்றைச் சரி செய்யாமல் புது ஷாக் மாட்டினால் பணம் வீண்.

முதலில் நீளம்

கடைக்குப் போனதும் நிறத்தையும் பளபளப்பையும் பார்க்காதீர்கள். நீளத்தைப் பாருங்கள். கழற்றிய பழைய ஷாக்கில் மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை அளக்க வேண்டும். புதியதும் அதே அளவு இருக்க வேண்டும். துளையின் விட்டமும், புஷ்ஷின் அகலமும் பொருந்த வேண்டும்.

வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று சிலர் நீளமான ஷாக் மாட்டுகிறார்கள். பின்பக்கம் தூக்கினால் ஹேண்டில் திரும்பும் தன்மையே மாறி விடும். மெயின் ஸ்டாண்ட் போட்டாலும் சக்கரம் தரையில் இடிக்கும். செயின் தொய்வும் மாறும். குட்டையான ஷாக் மாட்டினால், வளைவில் ஸ்டாண்டும் சைலன்சரும் தரையில் உரசலாம்; பாரம் ஏறினால் டயர் மட்கார்டில் இடிக்கலாம்.

அடுத்தது பாரம்

ஓட்டுகிறவர் 75 கிலோ. பின்னால் இருப்பவர் 60 கிலோ. பை 15 கிலோ. மொத்தம் 150 கிலோ. தனியாகப் போவதைப் போல் இரண்டு மடங்கு! கூடுதலாக ஏறிய பாரம் பெரும்பாலும் பின் சக்கரத்தின் மேல்தான் விழுகிறது.

ஆகவே கடைக்காரரிடம், “ஏனுங்க, இது ரெண்டு பேர் போறதுக்குத் தாங்குமுங்களா?” என்று முதலில் கேளுங்கள். எப்போதும் தனியாகப் போகிறவருக்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டாம், முதுகுதான் வலிக்கும். அடிக்கடி ஜோடியாக நெடும் பயணம் போகிறவர்களுக்கு மெல்லிய ஸ்பிரிங் உதவாது. குழிதோறும் அடி வரை போய் இடிக்கும்.

ஸ்பிரிங்கின் ஓரத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைச் சாவி போட்டுத் திருப்பிப் படி மாற்றலாம். இரண்டு பேர் ஏறும்போது படியைக் கூட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: படியைக் கூட்டினால் வண்டி உயர்ந்து நிற்கும்; மெல்லிய ஸ்பிரிங் கெட்டியாகி விடாது.

ஸ்பிரிங் பொருத்தமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து ஆசனத்தின் விளிம்பு வரை அளந்து கொள்ளுங்கள். வழக்கமான பாரத்தோடு ஏறி உட்கார்ந்து மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் மொத்தம் அசையக்கூடிய தூரத்தில், கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கியிருந்தால் போதும். அதிகம் இறங்கினால், படியைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் ஸ்பிரிங் போதாது.

கியாஸ் நல்லதா?

மேடு பள்ளங்களில் தொடர்ந்து ஓடும்போது எண்ணெய் சூடாகி நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது. அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வாயு இந்த நுரையைக் குறைக்கிறது. நெடும் பயணத்துக்கு இது நல்லது. ஆனால், பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான். “கியாஸ் ஷாக்” என்ற பெயருக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள். இதைப் பிரிக்கவோ, சூடு வைக்கவோ, வெல்டிங் செய்யவோ கூடாது. வெடிக்கும்!

மாட்டும்போது

ஒரு பக்கம் கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியது ஒன்று, பழையது ஒன்று என்றால் கவை முறுக்கிக் கொள்ளும். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் கீழே தொங்கி விடும்.

வேலை முடிந்ததும் செயின் தொய்வைப் பாருங்கள். முன் விளக்கையும் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் மேலே ஏறி, எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும். சில நாள் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பின்னால் உட்காரும் மனைவியிடமோ தாயாரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். ஹேண்டிலைப் பிடித்திருப்பவருக்குப் பல ஆட்டங்கள் பழகிப் போயிருக்கும். ஷாக் ஓய்ந்து விட்டதை முதலில் அறிவது பின்னால் இருப்பவரின் முதுகுதான்.